வாசற்படியில் படுத்திருக்கிறது: வாசகர் கேள்விகளும் டீச்சரம்மா பதில்களும்

போன இதழில், தம்பி ஆபேலைக் கொன்ற காயீனைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு பத்திகளைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். பாதிக் கடிதங்களில் "பெயர் போடாதீர்கள்" என்ற வேண்டுகோள். அதனால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், விஷயத்தை மாற்றவில்லை.

அப்பா விட்டுப்போன முருங்கைத் தோட்டத்தில் என் அண்ணன் எல்லைக்கல்லைப் பிடுங்கி என் பக்கமாக நட்டுவிட்டார். கேட்கப் போன இடத்தில் என் மனைவியையும் சேர்த்துப் பேசக்கூடாத வார்த்தை பேசினார். வீட்டுக்கு ஓடிவந்து அரிவாளை எடுத்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுததால் நின்றேன். அன்றிலிருந்து கோயிலில் நற்கருணை அப்பம் எடுக்கவில்லை. கோபம் வந்ததே பாவமா? நான் வெட்டவில்லையே?
(வாசகர், சாத்தான்குளம் பக்கம்)

தம்பி, முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவள் செய்த காரியத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஆதியாகமம் 4-ம் அதிகாரத்தை இன்று இரவு நிதானமாக வாசியுங்கள். ஆபேலின் காணிக்கை ஏற்கப்பட்டது, காயீனுடையது ஏற்கப்படவில்லை. காயீனுக்கு எரிச்சல் மூண்டு முகம் மாறிப்போனது. அந்த நேரத்தில் கர்த்தர் அவனைச் சபிக்கவில்லை, விரட்டவில்லை. அவனிடம் வந்து பேசுகிறார்: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" அதற்கு அடுத்தாற்போல், நன்மை செய்யாதிருந்தால் "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்" என்கிறார். படுத்திருக்கிறது என்றால் இன்னும் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். "நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்" என்று அந்தப் பாவத்தைக் குறித்தும் சொல்கிறார். காயீனுக்குக் கோபம் வந்துவிட்டது. கொலை இன்னும் நடக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தேவன் பேசினார். ஆகவே கோபம் மூண்டதற்காகவே தேவன் ஒருவனைக் கைவிட்டுவிடுவதில்லை. அப்போதுதான் கிட்டே வருகிறார்.

பல வருஷம் இந்த அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் நடத்திய பிறகுதான் ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. கர்த்தர் கேட்ட கேள்விகளுக்குக் காயீன் ஒரு வார்த்தை பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. அடுத்த வசனத்தில் அவன் ஆபேலோடு பேசுகிறான், வயல்வெளிக்குப் போகிறான், கொன்றுபோடுகிறான். "எனக்கு ஏன் எரிச்சல் தெரியுமா ஆண்டவரே, என் காணிக்கையை நீர் பார்க்கவில்லை" என்று அவன் கத்தியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். சங்கீதக்காரர்கள் அப்படிக் கத்தியிருக்கிறார்கள், யோபு கத்தியிருக்கிறான், அவர்கள் ஒருவரையும் தேவன் தள்ளவில்லை. காயீன் வாயே திறக்கவில்லை. கேட்ட எச்சரிப்பை மனதுக்குள் போட்டு மூடிக்கொண்டு நடந்தான்.

இனி உங்கள் மகள். 1 சாமுவேல் 25-ம் அதிகாரத்தில் தாவீது உங்களைப் போலவே புறப்படுகிறான். நாபால் என்ற பணக்காரனுக்கு மூவாயிரம் ஆடும் ஆயிரம் வெள்ளாடும் இருந்தன. அவன் மந்தைகளை வனாந்தரத்தில் பத்திரமாகக் காத்துக்கொடுத்த தாவீதை, மயிர் கத்தரிக்கிற பண்டிகை நாளில், "தாவீது என்பவன் யார்?" என்று ஆள் முன்னால் இழிவாகப் பேசிவிட்டான். நானூறு பேர் பட்டயம் கட்டிக்கொண்டு தாவீதின் பின்னால் கிளம்பினார்கள். பொழுது விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையையும் விட்டுவைப்பதில்லை என்று ஆணையிட்டாயிற்று. வழியில் நாபாலின் மனைவி அபிகாயில் கழுதையை விட்டு இறங்கி அவன் பாதத்தில் விழுந்தாள். விருதாவாய் இரத்தம் சிந்தாமல் இருந்தால், நாளைக்கு ராஜாவாகும்போது உமக்கு மனதில் இடறல் இராது என்றாள். தாவீது என்ன சொன்னான் பாருங்கள்: "நீ இன்றையதினம் எனக்குத் தடைபண்ணினபடியினால், நீயும் ஆசீர்வதிக்கப்படுவாயாக." தன்னைத் தடுத்தவளை அவன் வாழ்த்தினான். வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, தீர்க்கதரிசி ஒருவரும் வரவில்லை. ஒரு பெண் காலில் விழுந்தாள், அதைக் கர்த்தர் அனுப்பிய தடை என்று அவன் கண்டுகொண்டான். உங்கள் மகளும் காலைத்தான் பிடித்திருக்கிறாள்.

நற்கருணை பற்றிக் கேட்டீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் மத்தேயு 5-ல் சொன்னதை நினைத்துத் தயங்குகிறீர்கள். தயங்குவது சரி, அப்படியே விட்டுவிடுவது சரியில்லை. உங்கள் சேகரத்து ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், போய் நடந்ததை முழுவதும் சொல்லுங்கள், அரிவாளையும் சேர்த்து. அண்ணன் வீட்டுக்கு நீங்கள் ஒருவராகப் போகாமல் ஐயரையோ இரண்டு பேருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். கல்லை அப்படியே விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எல்லைக்குறியைத் தள்ளிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27 சொல்கிறது. ஜனங்களெல்லாரும் அதற்கு ஆமென் சொன்னார்கள். தாலுகா ஆபீஸில் மனுக்கொடுத்துப் பணம் கட்டி, சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். அளக்கிற அன்றைக்கு மகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

நாற்பது வருஷம் அந்த ஜனத்தைச் சுமந்த மோசே ஒரே ஒரு நாள் கோபப்பட்டதற்காகக் கானானுக்குள் போகக்கூடாதென்பது நியாயமா? படிக்கும்போதெல்லாம் மனசு ஆறமாட்டேன் என்கிறது.
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

எனக்கும் ஆறுவதில்லை, மகளே. ஆறாமல் இருப்பதே நல்ல வாசிப்பு என்று நினைக்கிறேன்.

எண்ணாகமம் 20-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தைத் தாண்டி ஓடிவிடாதே. காதேசில் மிரியாம் மரணமடைந்து அங்கே அடக்கம்பண்ணப்பட்டாள் என்று ஒரே வரியில் இருக்கிறது. குழந்தையாய் நாணற்பெட்டியில் கிடந்தபோது தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காளை மோசே மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வரியில் ஜனங்கள் தண்ணீர் இல்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். துக்கத்தோடு இருக்கிற மனிதரை நூறு பேர் சூழ்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சங்கீதம் 106 அதை மறைக்கவில்லை: அவர்கள் அவருடைய ஆவியை விசனப்படுத்தினார்கள், அதனால் அவர் தம் உதடுகளினால் பதறிப்பேசினார் என்கிறது. பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று பெயர் வாங்கியவர் அவர். சாந்தகுணமுள்ளவருக்கும் பதறுகிற நாள் உண்டு.

ஆனால் நடந்ததைப் பார். கன்மலையைப் பார்த்துப் பேசுங்கள் என்பதுதான் கட்டளை. அதற்கு வெகுகாலம் முன்னால் ஓரேபிலே அடிக்கச் சொன்ன கட்டளை வேறு, இது வேறு. மோசே மலையோடு பேசவில்லை. ஜனங்களோடு பேசினார்: "கலகக்காரரே, கேளுங்கள், உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ?" பிறகு கோலை ஓங்கி இரண்டுதரம் அடித்தார். தண்ணீர் ஏராளமாய் வந்தது, ஜனமும் மிருகமும் குடித்தது. அந்த அதிகாரத்தில் தேவன் ஜனங்கள்மேல் கோபப்பட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. தாகமாயிருக்கிறார்கள், தண்ணீர் கொடு என்றார், அவ்வளவுதான். கோபமெல்லாம் மோசேக்கு. தேவனுடைய இடத்தில் நின்று பேசுகிறவர் தம்முடைய கோபத்தைத் தேவனுடைய கோபம்போலக் காட்டிவிட்டார். "என்னைப் பரிசுத்தம்பண்ணும்படி நீங்கள் என்னை விசுவாசியாமற்போனபடியினால்" என்று கர்த்தர் சொன்னதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். தகப்பன்மாரும் ஆசிரியர்களும் போதகர்களும் நடுங்கவேண்டிய இடம் இது. ஒரு பிள்ளையிடம் நான் கத்திவிட்டு, "ஆண்டவருக்குப் பிடிக்காது" என்று அதற்கு முத்திரை போட்டால், அந்தப் பிள்ளை ஆண்டவரையே கத்துகிறவராகத்தான் நினைக்கும்.

தண்டனை பெரிதுதான். மோசே கெஞ்சியும் பார்த்தார். போதும், இதைப்பற்றி இனி என்னோடே பேசவேண்டாம் என்று பதில் வந்ததை உபாகமம் 3-ல் அவரே சொல்கிறார். அப்படிச் சொன்ன கர்த்தர்தான் அவரை நேபோ மலைக்குக் கூட்டிப்போய்த் தேசம் முழுவதையும் காட்டினார், மரித்தபோது அடக்கமும் பண்ணினார். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள், மகளே. ஒன்றை வைத்து மற்றதைச் சமாதானப்படுத்த நான் முயல்வதில்லை.

இயேசுவே தேவாலயத்து வியாபாரிகளைச் சவுக்கு எடுத்து விரட்டினாரே, நாம் ஏன் அநியாயத்தைப் பார்த்துப் பொறுமையாயிருக்கவேண்டும்?
(வாலிபர், நாகர்கோவில்)

பொறுத்துப்போகவேண்டாம் தம்பி. கோபப்படவேண்டிய இடம் உண்டு. சூம்பின கையுள்ள மனுஷனைச் சுகமாக்குவதா வேண்டாமா என்று ஓய்வுநாளைக் காரணம் காட்டி மௌனமாயிருந்தவர்களை ஆண்டவர் "கோபத்துடனே சுற்றிலும்" பார்த்தார் என்று மாற்கு 3 சொல்கிறது. ஆனால் அந்தக் கோபம் யார்மேலும் போய் விழவில்லை. அதே மூச்சில் "உன் கையை நீட்டு" என்றார், கை சொஸ்தமாயிற்று.

தேவாலயக் காரியத்தில் மாற்கு 11:11-ஐ வாசித்துப்பாருங்கள். எருசலேமுக்கு வந்த அன்றைக்கே ஆலயத்துக்குள் போய் எல்லாவற்றையும் சுற்றிப்பார்த்தார். காசுக்காரரும் புறா விற்கிறவர்களும் அவர் கண்ணில் படாமல் இருந்திருப்பார்களா? சாயங்காலமாயிற்று, பன்னிருவரோடு பெத்தானியாவுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்துதான் பலகைகளைக் கவிழ்த்தார். ஓர் இரவு தாங்கிய கோபம் அது. நம்முடைய நியாயமான கோபத்தை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் ஓர் இரவு வைத்துப்பார்க்கலாம். காலையிலும் அது நியாயமாகவே தெரிந்தால் எழுந்து போய்ச் செய்யவேண்டியதைச் செய்யுங்கள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குடித்தால் அடிக்கிறார், குடிக்காவிட்டாலும் இப்போது அடிக்கிறார். பெண்கள் ஐக்கியத்தில் சொன்னால், "அபிகாயிலைப் போலப் பொறுமையாயிரு, யோபைப் போலக் காத்திரு" என்கிறார்கள். பொறுமையில்லாததுதான் என் பாவமா?
(வாசகி, ஊர் வேண்டாம் என்றார்)

இல்லை. உங்களிடம் பொறுமை குறைவாயில்லை, அம்மா. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனைதான் தவறு.

அபிகாயிலைப் பற்றி அவர்கள் சொன்னது அரைகுறை. நாபாலைக் குறித்து அவன் வேலைக்காரனே, ஒருவரும் அவரோடு பேசமுடியாது என்கிறான். அப்படிப்பட்டவனிடம் அபிகாயில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆபத்து வருகிறது என்று காதில் விழுந்ததும், இருநூறு அப்பங்களையும் ஐந்து ஆடுகளின் சமைத்த இறைச்சியையும் வற்றலான திராட்சக்குலைகளையும் அத்திப்பழ அடைகளையும் கழுதைகள்மேல் ஏற்றினாள். "தன் புருஷனாகிய நாபாலுக்கு அதை அறிவிக்கவில்லை" என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிறது. திரும்பி வந்தபோது அவன் வெறித்திருந்ததால் பொழுது விடிகிறமட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டாரின் உயிரைக் காப்பதற்காகப் புருஷனுக்குத் தெரியாமல் வெளியே போன பெண் அவள். வேதம் அவளை மகா புத்திசாலி என்று புகழ்கிறது, ஓரிடத்திலும் கண்டிக்கவில்லை.

யோபின் பொறுமையும் வாயை மூடிக்கொண்டு அடிவாங்கிய பொறுமையல்ல. அதிகாரம் அதிகாரமாக அவன் முறையிட்டான். அவன் துன்பத்துக்கு அவனையே குற்றவாளியாக்கிய மூன்று சிநேகிதர்மேல்தான் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. ஐக்கியத்தில் உங்களுக்கு ஆலோசனை சொன்ன சகோதரிகள் யோபு 42:7-ஐ வாசிக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன்.

தேவ எச்சரிப்பு என்று எதைத் தேடுகிறீர்கள் அம்மா? உங்கள் உடம்பில் இருக்கிற காயமே எச்சரிப்பு. அழியப்போகிற சோதோமில் லோத்து தாமதித்துக்கொண்டிருந்தபோது தூதர்கள் பொறுமையாயிரு என்று சொல்லவில்லை. அவன் கையையும் அவன் மனைவியின் கையையும் குமாரத்திகளின் கையையும் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இரவும் பகலும் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கிற சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. அதன்படி நீங்கள் அதே வீட்டில் பாதுகாப்பாயிருப்பதற்கான உத்தரவையும் ஜீவனாம்சத்தையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பிறந்த வீட்டுக்கோ, நம்புகிற ஒரு தோழி வீட்டுக்கோ பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஆதாரையும் கொஞ்சம் பணத்தையும் இப்போதே கொண்டுபோய் வையுங்கள். அவருக்காக ஜெபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பான இடத்திலிருந்து ஜெபியுங்கள்.

வெளிநாட்டு வேலை என்று ஏஜெண்டிடம் மூன்று லட்சம் கட்டாதே என்று மகனிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஏஜெண்ட் ஓடிவிட்டான். மகன் அறைக்குள் படுத்தே கிடக்கிறான். அவனைப் பார்த்தாலே "அன்றைக்கே சொன்னேனே" என்று வாய்வரை வருகிறது. சொல்லலாமா?
(ஒரு தகப்பனார், திசையன்விளை)

சொல்லுங்கள் ஐயா, ஒரே ஒரு தரம்.

அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தில் பவுல் கைதியாய் இத்தாலியாவுக்குப் போகிற கப்பலில் இருக்கிறார். உபவாச நாளும் கடந்துபோயிற்று, குளிர்காலம் கிட்ட வருகிறது. நல்ல துறைமுகம் என்ற இடத்தில், இனிப் பிரயாணம் செய்தால் சரக்குக்கும் உயிருக்கும் சேதம் என்று எச்சரித்தார். அதற்கு முன்பே மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்தவர் அவர். நூற்றுக்கு அதிபதி யூலியு அவர் பேச்சைவிட மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். தென்றல் மெதுவாய் அடித்தது, புறப்பட்டுவிட்டார்கள். பிறகு யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று வந்து மோதியது. அநேக நாளாய்ச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. யாரும் சாப்பிடவில்லை.

அப்போது பவுல் நடுவே நின்று, "என் சொல்லைக்கேட்டு, கிரேத்தாதீவைவிட்டுப் புறப்படாமல் இருக்கவேண்டியதாயிருந்தது" என்றார். ஆமாம், சொன்னார். நடந்தது தவறு என்பதை மூடி மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வாக்கியமே "திடமனதாயிருங்கள்" என்பதுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. பதினாலாம் நாள் விடியற்காலத்தில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணி, எல்லாருக்கும் முன்பாகப் பிட்டுத் தானே முதலில் சாப்பிட்டார். கப்பலில் இருந்த 276 பேரும் அதைப் பார்த்துத் திடமனப்பட்டுச் சாப்பிட்டார்கள். கப்பல் உடைந்தது, உயிர் ஒன்றும் போகவில்லை. போர்ச்சேவகர் கைதிகளைக் கொல்ல நினைத்தபோது பவுலைக் காப்பாற்ற மனதாயிருந்து அதைத் தடுத்தவன் அன்றைக்கு அவர் சொல்லைக் கேட்காத அதே யூலியுதான். பவுல் அவனைக் குத்திக்காட்டிக்கொண்டே வந்திருந்தால் அவன் மனம் அப்படி இருந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

மகன் சாப்பிட்டானா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவன் அறைக்குள்ளேயே தட்டோடு போய் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். இரண்டொரு நாள் கழித்து, பணம் அனுப்பிய ரசீதுகளையும் ஏஜெண்டின் செல்போன் செய்திகளையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போலீசில் புகார் கொடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்கவேண்டும் என்பது 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம். பதிவு இல்லாதவன் என்றால் புகாரில் அதையும் எழுதுங்கள்.

எங்கள் சேகர கமிட்டியில் அசனப் பண்டிகை (சபையின் பொதுச் சாப்பாடு) கணக்கைக் கேட்ட ஒரு பெரியவரை எல்லாருமாகச் சேர்ந்து கத்தி உட்காரவைத்துவிட்டோம். நானும் கத்தினேன். அவர் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. அவர் கேட்ட விதம் சரியில்லை என்பதும் உண்மைதானே?
(கமிட்டி அங்கத்தினர் ஒருவர்)

இருக்கலாம். எச்சரிக்கிறவர்கள் பல நேரம் சரியான விதத்தில் கேட்பதில்லை. கர்த்தருக்குப் பிடிக்காத பயணம் புறப்பட்ட பிலேயாமை எச்சரித்தது அவன் ஏறிப்போன கழுதை. அவன் காலைச் சுவரோடு நெருக்கியது, பிறகு அவனுக்குக் கீழே படுத்துக்கொண்டது. மூன்றுதரம் அடி வாங்கியது. "என் கையில் ஒரு பட்டயம்மாத்திரம் இருந்தால்" உன்னைக் கொன்றுபோடுவேன் என்று அவன் கத்தினபோது, உருவின பட்டயத்தோடு தூதன் அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். கோபத்தில் அவனுக்கு அது தெரியவில்லை, கழுதைக்குத் தெரிந்தது.

ஆனால் உங்கள் கமிட்டி வாசிக்கவேண்டியது ஆசா ராஜாவின் கதை, 2 நாளாகமம் 14 முதல் 16 வரை. ஆசா நல்ல ராஜா. விக்கிரகத்துக்காக ராஜாத்தி என்ற ஸ்தானத்திலிருந்து தன் தாயாகிய மாகாளையே விலக்கினவன். ஓதேதின் குமாரனாகிய அசரியா வந்து பேசினபோது திடன்கொண்டு தேசத்தைச் சுத்தம் செய்தான். எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடு வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு ஜெயித்தான். அப்படிப்பட்டவன் முப்பத்தாறாம் வருஷத்தில், இஸ்ரவேலின் ராஜா பாஷா அவனுக்கு எதிராக ராமா என்ற ஊரைக் கட்டியபோது, ஆலயப் பொக்கிஷத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துத் தமஸ்குவில் இருந்த சீரியாவின் ராஜா பெனாதாத்துக்கு அனுப்பி உதவி வாங்கினான். காரியம் பலித்தது. பாஷா வேலையை விட்டுவிட்டுப் போனான், அவன் வைத்துப்போன கல்லையும் மரத்தையும் கொண்டு ஆசா கேபாவையும் மிஸ்பாவையும் கட்டிக்கொண்டான். எல்லாம் நன்றாய் முடிந்த அந்த வேளையில் அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் வந்து, நீர் கர்த்தரைச் சார்ந்துகொள்ளவில்லை என்றான். ஆசா அவனைக் காவலறையில் போட்டான். அதோடு நிற்கவில்லை, அக்காலத்தில் ஜனங்களில் சிலரையும் கொடுமையாய் நடப்பித்தான். மூன்று வருஷத்தில் காலில் வியாதி வந்தது. வியாதியிலும் அவன் கர்த்தரைத் தேடவில்லை என்று எழுதியிருக்கிறது.

ஐயா, ஆசாவுக்குக் கோபம் வந்தது அனானி பொய் சொன்னதால் அல்ல. பண்டிகை நன்றாய் முடிந்திருக்கும், ஜனம் திருப்தியாய்ச் சாப்பிட்டிருக்கும், அந்த நேரத்தில் ஒருவர் எழுந்து கணக்கு எங்கே என்றால் எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எரிச்சலின்மேல் ஏறி ஒரு முதியவரை ஆலயத்தை விட்டே துரத்தியிருக்கிறீர்கள். நீங்களும் கத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காக உங்களை மதிக்கிறேன். முதலில் நீங்கள் ஒருவராய் அவர் வீட்டுக்குப் போங்கள், அவர் கேட்ட விதத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல். அடுத்த கமிட்டியில் வரவு, செலவு, ரசீது எல்லாவற்றையும் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி தீர்மானம் கொண்டுவாருங்கள். கணக்கில் தவறு இல்லை என்றால் ஒட்டுவதற்கு என்ன தடை?

போனில் பேசிய ஓர் ஊழியர், என் மகனுக்கு இந்த மாதக் கடைசிக்குள் விபத்து என்று ஆண்டவர் காட்டியதாகவும், தடை நீங்க இருபத்தைந்தாயிரம் ரூபாய் காணிக்கையாக விதைக்கவேண்டும் என்றும் சொல்கிறார். மகன் தினமும் பைக்கில் திருச்செந்தூருக்கு வேலைக்குப் போகிறான். எனக்குத் தூக்கமில்லை. தேவ எச்சரிப்பை அசட்டை செய்கிறேனோ?
(ஒரு தாயார், ஆறுமுகநேரி)

பணம் அனுப்பாதீர்கள், அம்மா. வேதத்தில் நான் அறிந்த எந்தத் தேவ எச்சரிப்பிலும், சொன்னவருக்குப் பணம் கொடு என்ற வரி இல்லை. யோனா நினிவேயில் நாற்பது நாள் கெடு சொன்னான்; அவர்கள் பொல்லாத வழியை விட்டுத் திரும்பினார்கள், யோனாவுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. எலிசா, தன் சொல்லைக் கேட்டுக் குஷ்டம் நீங்கின நாகமானிடம் எதையும் வாங்கமாட்டேன் என்று ஆணையிட்டான். பின்னால் ஓடிப்போய் வெள்ளியும் வஸ்திரமும் வாங்கின தன் வேலைக்காரன் கேயாசியின்மேல் நாகமானின் குஷ்டம் வந்தது. பணத்துக்குக் குறிசொல்லுகிற தீர்க்கதரிசிகளை மீகா வெளிப்படையாகவே கடிந்துகொள்கிறான்.

அகபு என்பவர் பஞ்சம் வரும் என்று ஆவியினாலே அறிவித்ததை அப்போஸ்தலர் 11-ல் வாசிக்கிறோம். அந்தியோகியாவிலுள்ள சீஷர் பணம் சேர்த்தார்கள், உண்மை. அந்தப் பணம் அகபுவுக்குப் போகவில்லை. பர்னபா, சவுல் கையில் யூதேயாவில் பசியாயிருக்கப்போகிற சகோதரருக்குப் போனது.

உங்கள் பயம் தாயின் பயம், அதை நான் குறைவாய் எண்ணவில்லை. மகன் ஹெல்மெட் போடுகிறானா, பிரேக்கும் டயரும் சரியாயிருக்கிறதா, இரவில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுகிறானா என்று பாருங்கள். காலையில் அவன் கிளம்புமுன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்புங்கள். சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்று உபாகமம் 18 முடிகிறது. மறுபடி அழைத்தால் எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், கணவரிடமும் மகனிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டு, 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு இன்றைக்கே அழைத்துப் புகார் பதிவுசெய்யுங்கள். பேசுவதற்குக் கஷ்டமாயிருந்தால் மகனைப் பேசச் சொல்லுங்கள்.